ஜாமீனுக்கு ஒரு கையெழுத்து

எம்.ஜி.ஆர். நடித்த 'பல்லாண்டு வாழ்க' (1975) படத்தை நம்மில் பெரும்பாலானோர் எப்போதாவது பார்த்திருப்போம். தியேட்டரில் பார்க்காவிட்டாலும் தூர்தர்ஷனிலோ, கேபிள் டிவியின் மத்தியானப் படமாகவோ. ஆறு கொலைக் கைதிகளைச் சிறையிலிருந்து கூட்டிக்கொண்டு போய், விலங்கு இல்லாமல், காவலுக்குத் துப்பாக்கி இல்லாமல், பொட்டல் காட்டில் விவசாயம் செய்யவைத்து மனிதர்களாக்கும் சிறை அதிகாரி வேடம் அவருக்கு. நம்பியார், வீரப்பா, மனோகர் என்று தமிழ் சினிமாவின் வில்லன்களை ஒரே கொட்டகையில் போட்டுத் திருத்த வேண்டுமென்றால் அது வாத்தியாரால்தான் முடியும் என்று சிரித்துவிட்டு அடுத்த சானலுக்குப் போயிருப்போம்.

விஷயம் என்னவென்றால், அந்தக் கதைக்கு அடியில் நிஜமாக நடந்த ஒன்று இருக்கிறது. அந்தப் படம் வி.சாந்தாராமின் 'தோ ஆங்கேன் பாரா ஹாத்' (1957) இந்திப் படத்தின் தமிழ் வடிவம். இந்திக்குக் கதை எழுதியவர் ஜி.டி.மட்கூல்கர் என்ற மராத்தி எழுத்தாளர். அவர் ஔந்த் சமஸ்தானத்துப் பையன். அந்தச் சின்னஞ்சிறு சமஸ்தானத்தில் 1939-ல் தொடங்கிய ஒரு பரிசோதனைதான் படமாயிற்று.

ஔந்த் ராஜாவுக்கு அந்த யோசனையைச் சொன்னவர் மாரிஸ் ஃப்ரீட்மன். போலந்து நாட்டு யூதர், என்ஜினியர். பெங்களூரில் அரசு மின்சாதனத் தொழிற்சாலையில் வேலை பார்க்க வந்தவர் அப்படியே இந்தியாவிலேயே தங்கிவிட்டார். காந்தியிடம் போனார், பாரதானந்தா என்று பெயர் மாற்றிக்கொண்டார். திருவண்ணாமலைக்கு வந்து ரமணரிடமும் உட்கார்ந்தார். ரமணாசிரமப் புத்தகங்களைப் படித்தவர்களுக்கு இவர் பெயர் தெரிந்திருக்கும். இந்த மனிதர் ராஜாவிடம் கேட்டது இதுதான்: உங்கள் ஜெயிலில் இருக்கும் ஆயுள் கைதிகளை என்னிடம் விடுங்கள், மதில் இல்லாத இடத்தில் அவர்களைக் குடிவைத்து விவசாயம் செய்யவைக்கிறேன். ராஜா சரி என்றார். ஆட்பாடிக்குப் பக்கத்தில் வறண்ட நிலம் ஒதுக்கப்பட்டது. இடத்துக்குப் பெயர் ஸ்வதந்திரபூர். இன்றைக்கும் மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் அது திறந்தவெளிச் சிறையாக இருக்கிறது. கைதிகள் பெண்டாட்டி பிள்ளைகளோடு குடியிருந்து பயிர் செய்கிறார்கள்.

இதை இத்தனை விரிவாகச் சொல்லக் காரணம், இது எவ்வளவு பெரிய தலைகீழ் மாற்றம் என்று புரிய வேண்டும். அதற்கு நூறு வருஷம் பின்னால் போகலாம்.

இந்தியச் சிறைகளைப் பற்றி யோசிக்க முதல் கமிட்டி 1836-ல் அமைந்தது. அமையக் காரணமாக இருந்தவர் மெக்காலே. (ஆமாம், நம் இங்கிலீஷ் படிப்புக்குக் காரணமான அதே மெக்காலே.) 1838-ல் வந்த அறிக்கையின் சாராம்சம்: கைதிக்குப் படிப்பு, நல்ல நடத்தைக்குச் சலுகை என்பதெல்லாம் தேவையில்லை. சலிப்பான, சுவாரசியமே இல்லாத கடும் உழைப்பைக் கொடு. சிறை என்றால் பயம் வரவேண்டும். இந்த எண்ணத்தின் வாரிசுதான் கோயம்புத்தூர் சிறையில் வ.உ.சி. இழுத்த செக்கு. மாடு இழுக்க வேண்டியதை மனிதன் இழுத்தது எண்ணெய்க்காக மட்டும் இல்லை, அது அவமானப்படுத்துவதற்கான ஏற்பாடு.

கைதியைத் திருத்தி அனுப்புவதும் சிறையின் வேலை என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டது 1919-20-ல் வந்த இந்தியச் சிறைகள் கமிட்டியின் அறிக்கையில். தலைவர் சர் அலெக்சாண்டர் கார்டியூ, சென்னை மாகாண அதிகாரி. அந்தமான் தொடங்கி இங்கிலாந்து, அமெரிக்கா, ஜப்பான் வரை போய்ச் சிறைகளைப் பார்த்துவிட்டு எழுதினார்கள். அதன் பிறகு சென்னை மாகாணத்தில் வாலிபக் குற்றவாளிகளுக்கான பார்ஸ்டல் பள்ளிச் சட்டம் 1926-ல் வந்தது. சிறைக்கே அனுப்பாமல் கண்காணிப்பில் விடும் நன்னடத்தைச் சட்டம் 1936-ல் வந்தது. மதில் மட்டும் அப்படியே இருந்தது. அதை இறக்கிக் காட்டியது ஒரு குட்டி சமஸ்தானமும் ஒரு போலந்துக்காரரும்.

சுதந்திரத்துக்குப் பிறகு இது வேகம் பிடித்தது. உத்தரப் பிரதேசத்தில் சம்பூர்ணானந்த் 1952-ல் கைதிகளை அணை கட்டும் வேலைக்கு முகாமிட்டு அனுப்பினார். அவரே பின்னால் ராஜஸ்தான் கவர்னரானபோது ஜெய்ப்பூர் பக்கம் சாங்கானேரில் 1963-ல் திறந்தவெளி முகாம் வந்தது. அங்கே கைதிகள் குடும்பத்தோடு இருந்துகொண்டு காலையில் ஊருக்குள் வேலைக்குப் போய் மாலையில் திரும்பிவிடுகிறார்கள். சென்னை மாகாணத்தில் 1956-ல் சிங்காநல்லூரில் திறந்தவெளிச் சிறை வந்தது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் சிவகங்கை மாவட்டத்துப் புரசடை உடைப்பில் ஒன்று இருக்கிறது.

நம் ஹைதராபாத்தும் இந்த வரிசையில் முன்னாலேயே இருக்கிறது. 1954-ல், மொழிவாரி மாநிலங்கள் வருவதற்கு முன்பே, மௌலாலியில் கைதிகளுக்கான திறந்தவெளி விவசாயக் காலனி தொடங்கிவிட்டது. கைதிகளை நடத்தும் முறை பற்றி ஜெனிவாவில் ஐ.நா. மாநாடு கூடி, திறந்தவெளிச் சிறைகளைச் சிபாரிசு செய்தது 1955-ல்தான். அதற்கு ஒரு வருஷம் முந்திவிட்டார்கள் இங்கே.

ஹப்சிகுடாவில் குடியிருக்கும் நமக்கு மௌலாலி என்றால் மலைமேல் இருக்கும் தர்கா, கீழே ரயில்வே யார்டு. நாச்சாரம், மல்லாபூர் தாண்டிப் போனால் செர்லப்பள்ளி. 2025 ஜனவரியில் அங்கே புதிய ரயில் முனையம் திறந்தபிறகு செர்லப்பள்ளி என்றால் ஸ்டேஷன்தான் ஞாபகம் வருகிறது. அதற்கு முன் வரை செர்லப்பள்ளி என்று சொன்னாலே ஜெயில் என்றுதான் அர்த்தம். அங்கே மத்தியச் சிறையும் இருக்கிறது, கைதிகள் விவசாயக் காலனியும் இருக்கிறது. தண்டனையில் ஒரு பகுதியை ஒழுங்காகக் கழித்தவர்களைத் தேர்ந்தெடுத்து இந்தக் காலனிக்கு மாற்றுகிறார்கள். வயல், தோட்டம், மாட்டுப் பண்ணை என்று வேலை, அதற்குக் கூலி.

2010-களில் இந்த ஊர்ச் சிறைத்துறை இன்னொரு படி போனது. சஞ்சல்குடாவிலும் செர்லப்பள்ளியிலும் பெட்ரோல் பங்க். பெட்ரோல் போடுவது, காசு வாங்குவது, கணக்கு எழுதுவது எல்லாம் கைதிகளும் விடுதலையானவர்களும். 'மை நேஷன்' என்ற பெயரில் சிறைத் தயாரிப்புகளின் விற்பனை. பிறகு தமிழ்நாட்டிலும் சிறை வாசலில் பெட்ரோல் பங்க், பிரிசன் பஜார் எல்லாம் வந்தன. வங்கிக்காரன் என்ற முறையில் இதில் என்னைத் தொட்டது ஒன்றுதான். திருட்டுக்காக உள்ளே போனவன் கையில் நாள் முழுக்க ரொக்கம் புழங்குகிறது. அவனிடம் மீதிச் சில்லறை வாங்கிக்கொண்டு எண்ணிக்கூடப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போகிறவர்கள் நாம்.

சரி, இதுவரை சொன்னது நல்ல கதை. மெக்காலேயின் பயமுறுத்தும் மதிலில் தொடங்கி, மதிலே இல்லாத சிறை வரை வந்துவிட்டோம். சிறைக்குள் ஒருவனை நம்ப ஓரளவு கற்றுக்கொண்டோம் என்றே வைத்துக்கொள்வோம். சிறைக்கு வெளியே?

இங்கேதான் வ.உ.சி.யின் கதைக்குத் திரும்பவும் வருகிறேன். செக்கிழுத்தது வரை நமக்குப் பாடப்புத்தகத்தில் உண்டு. பந்துலு படத்தில் சிவாஜி இழுத்ததையும் பார்த்திருக்கிறோம். அவர் 1912 டிசம்பரில் விடுதலையானார். அதன் பிறகு 1936 வரை, அதாவது இன்னும் 24 வருஷம் வாழ்ந்தார். அந்த 24 வருஷத்தைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

விடுதலையானபோது கப்பல் கம்பெனி போய்விட்டிருந்தது. சொத்து போய்விட்டது. வக்கீல் சன்னத்து பறிபோய்விட்டது. சொந்தத் திருநெல்வேலிச் சீமையில் இருக்க முடியாமல் சென்னைக்கு வந்து, அரிசி, மண்ணெண்ணெய் என்று சின்னச் சின்ன வியாபாரம் செய்து பார்த்தார். எதுவும் கைகொடுக்கவில்லை. பிறகு கோயம்புத்தூருக்குப் போனார். எந்த ஊர்ச் சிறையில் செக்கிழுத்தாரோ அதே ஊர். அங்கே ஒரு வங்கியில் மேலாளர் வேலை பார்த்தார். நம் தொழிலில் இப்படி ஒரு முன்னோர் இருந்தார் என்பது எத்தனை வங்கிக்காரர்களுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. அந்த வருமானம் போதாமல், மறுபடி வக்கீல் தொழில் செய்ய அனுமதி கேட்டு மனுப் போட்டார். இ.எச்.வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் தயவில் சன்னத்து திரும்பக் கிடைத்தது.

வ.உ.சி. என்ன செய்தார் தெரியுமா? அந்த நன்றிக்குத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். வெள்ளைக்காரனுக்கு எதிராகக் கப்பல் விட்டவர், ஒரு வெள்ளைக்காரன் பெயரைத் தன் பிள்ளைக்கு வைத்திருக்கிறார். சிலர் இதைப் படித்துவிட்டுச் சங்கடப்படுவார்கள். எனக்கு இது அவர் வாழ்க்கையிலேயே மனசை உருக்கும் இடம். தண்டனை முடிந்து வெளியே வந்த ஒருவனுக்கு, பிழைக்க வழிவிட்டு ஒருத்தர் போடும் ஒரே ஒரு கையெழுத்து எவ்வளவு பெரியது என்று அந்தப் பெயரே சொல்கிறது.

வ.உ.சி. குற்றவாளி இல்லை, தேசபக்தர், அவரை மற்ற கைதிகளோடு சேர்க்கலாமா என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அத்தனை படித்த, அத்தனை புகழ்பெற்ற, ஊரே கொண்டாடிய ஒரு மனிதருக்கே வெளியே வந்தபின் பிழைப்பு இத்தனை கஷ்டம் என்றால், பேர் தெரியாத ஒரு கொத்தனாருக்கோ ஆட்டோ ஓட்டுபவருக்கோ என்ன நடக்கும்?

இன்றைய சட்டத்தையே பார்ப்போம். எங்கள் தொழிலிலிருந்தே உதாரணம். வங்கி ஒழுங்குமுறைச் சட்டம், 1949. அதன் 10-வது பிரிவின்படி, ஒழுக்கக்கேடு சம்பந்தப்பட்ட குற்றத்துக்காகக் கோர்ட்டில் தண்டிக்கப்பட்டவரை வங்கி வேலைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. எப்போது தண்டிக்கப்பட்டிருந்தாலும் சரி. இருபது வயதில் செய்ததற்கு நாற்பத்தைந்து வயதிலும் கதவு சாத்தியேதான் இருக்கும். ஊரார் பணத்தை வைத்திருக்கும் இடம், ஜாக்கிரதை வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. காலவரம்பே இல்லாத ஜாக்கிரதை சரியா என்பதுதான் கேள்வி. கடன் கட்டாதவருக்குக்கூட, நிலுவையை அடைத்து நாலைந்து வருஷம் ஒழுங்காக நடந்துகொண்டால் நாங்கள் மறுபடி கடன் கொடுக்கிறோம்.

பிரிட்டனில் 1974-ல் ஒரு சட்டம் போட்டார்கள். தண்டனை முடிந்து குறிப்பிட்ட காலம் வேறு குற்றம் எதுவும் செய்யாமல் இருந்தால், பழைய தண்டனை காலாவதியானதாகக் கருதப்படும். பெரும்பாலான வேலைகளுக்கு விண்ணப்பிக்கும்போது அதைச் சொல்ல வேண்டியதில்லை. குழந்தைகள் சம்பந்தப்பட்ட வேலை, போலீஸ் போன்றவற்றுக்கு விதிவிலக்கு உண்டு. நீண்ட காலத் தண்டனைக்கும் தனி விதி உண்டு. அமெரிக்காவில் ஹவாய் மாநிலம் 1998-ல் வேறு வழி பிடித்தது. வேலை தருவதாக முடிவு செய்த பிறகுதான் பழைய வழக்கைப் பற்றிக் கேட்கலாம், விண்ணப்பத்திலேயே கேட்டு ஆளைக் கழித்துக்கட்டக் கூடாது.

நம் நாட்டில் துண்டு துண்டாக இரண்டு கதவு திறந்திருக்கிறது. 1958-ம் வருஷத்து நன்னடத்தைச் சட்டத்தின் 12-வது பிரிவு, சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையில் விடப்பட்டவருக்குத் தகுதியிழப்பு கிடையாது என்கிறது. 2015-ன் சிறார் நீதிச் சட்டம் பெரும்பாலான சிறார்களுக்கு அதே பாதுகாப்பைத் தருகிறது. சிறைக்குப் போய் முழுத் தண்டனையும் கழித்து வந்த வயது வந்தவருக்கு, இத்தனை வருஷம் ஒழுங்காக இருந்தால் பழைய கணக்கு மூடப்படும் என்று சொல்லும் பொதுச் சட்டம் இல்லை. மதிலை இறக்கிய நாடு, வாசலுக்கு வெளியே இன்னொரு மதிலை நிற்கவிட்டிருக்கிறது.

இந்த வெளி மதிலில் இடித்துக்கொள்வது தண்டனை பெற்றவர் மட்டும் இல்லை. 2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர், அதாவது நாலில் மூன்று பங்கு, விசாரணைக் கைதிகள். குற்றம் செய்தார்கள் என்று எந்தக் கோர்ட்டும் இன்னும் சொல்லாதவர்கள். இவர்களில் ஜாமீன் ஆர்டர் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்களும் இருக்கிறார்கள். காரணம், ஜாமீன்தாரர் இல்லை.

ஊரை விட்டு வந்து பிழைக்கும் நாம் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும்.

1978-ல் உச்ச நீதிமன்றத்தில் மோதிராம் வழக்கு. மத்தியப் பிரதேசத்தில் ஒரு ஏழைக் கொத்தனாருக்கு ஜாமீன் கிடைத்தது. மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார். 1970-களில் ஒரு கொத்தனாருக்கு 10,000 ரூபாய்! அவருடைய அண்ணன் தம்பியில் ஒருவர் முன்வந்தார். அவர் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது, செல்லாது என்று சொல்லிவிட்டார் மாஜிஸ்திரேட். பக்கத்து மாவட்டமே வெளிநாடாகிவிட்டது. தீர்ப்பு எழுதியவர் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர். 1,000 ரூபாய்க்குக் கொத்தனாரின் சொந்தப் பிணையே போதும் என்று விடுவித்தார்.

அதோடு அவர் விடவில்லை. ஒரு மலையாளியோ தமிழனோ தெலுங்கனோ பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ டெல்லி சாந்தினி சௌக்கிலோ கைதானால், அந்த ஊரில் சொத்துள்ள ஜாமீன்தாரரை எங்கே போய்த் தேடுவான் என்று கேட்டார். ஜில்லா பார்த்து ஜாமீனை மறுப்பது இந்தியாவையே துண்டு போடுவதாகும் என்ற பொருளில் எழுதினார். இந்தக் கிருஷ்ணய்யர் 1957 கேரள அமைச்சரவையில் சிறைத்துறையையும் பார்த்தவர். அதற்கு முன் 1948-ல் சுமார் ஒரு மாதம் தானே சிறையில் இருந்தவர். உள்ளே இருந்து பார்த்தவருக்குத்தான் இப்படிக் கேட்கத் தோன்றும்.

இதை நம் வாழ்க்கையில் வைத்துப் பாருங்கள். ஹப்சிகுடாவில், தார்நாக்காவில், மல்காஜ்கிரியில் இருக்கும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்குச் சொத்து இருக்கிறது: தஞ்சாவூரில் வயல், காரைக்குடியில் பங்கு வீடு, விருதுநகரில் ஒரு மனை. இங்கே இருப்பது வாடகை வீடும் ஒரு கே.ஒய்.சி. முகவரியும். நாளைக்கே நம் வீட்டுப் பையன் ஒரு விபத்து வழக்கில் மாட்டினால், இங்கே சொத்துள்ளவராகத் தேடிப் போய்க் கையெழுத்துக் கேட்கவேண்டும். ஆபீசில், அபார்ட்மென்ட்டில் யாராவது முன்வருவார்கள், நமக்கு ஆள் உண்டு. நம் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கும் முறுக்குப் போடவும் வந்த பையனுக்கு யார் உண்டு?

1977-ல் ஆந்திரப் பிரதேசத்திலிருந்தே போன இன்னொரு வழக்கிலும் கிருஷ்ணய்யர்தான். கியாசுத்தீன் வழக்கு என்று சட்டம் படித்தவர்கள் சொல்வார்கள். வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி இளைஞர்களிடம் பணம் பறித்த குற்றம், 3 வருஷ தண்டனை. அதை 18 மாதமாகக் குறைத்தார். குறைத்ததோடு, சிறையில் அவருக்கு மூளைக்கு வேலை தரும் பணி கொடுங்கள், கூலி கொடுங்கள், குடும்பத்தோடு தொடர்பு அறுந்துபோகாமல் பரோலில் விடுங்கள் என்று சிறைக்கு உத்தரவு எழுதினார். ஒருவன் வெளியே வரும் நாளை மனதில் வைத்து, உள்ளே போகும் நாளிலேயே திட்டம் போட வேண்டும் என்பது அதன் அடிப்படை.

மோதிராமுக்குப் பிறகு என்ன ஆயிற்று? 45 வருஷம் கழித்து, 2023 ஜனவரியில், உச்ச நீதிமன்றம் மறுபடி வழிகாட்டுதல் கொடுக்க வேண்டியிருந்தது. ஜாமீன் கிடைத்து ஒரு மாதத்துக்குள் ஒருவரால் பிணை கொடுக்க முடியவில்லை என்றால், கோர்ட் தானாகவே நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று பார்க்க வேண்டும். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்ற நிபந்தனை விடுதலையைத் தாமதப்படுத்துகிறது என்றும் சொன்னது. அதே 2023-ல் மத்திய அரசு ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்டம் கொண்டுவந்தது: விசாரணைக் கைதிக்கு ஜாமீன் தொகைக்காக 40,000 ரூபாய் வரை, அபராதம் கட்ட முடியாமல் உள்ளே இருக்கும் தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரை. 2024 ஜூலை 1 முதல் அமலான புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-வது பிரிவு, முதல் தடவை குற்றம் சாட்டப்பட்டவர் அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்திருந்தால் பிணையில் விடச் சொல்கிறது. ஆயுள், மரண தண்டனைக் குற்றங்களுக்கு இது பொருந்தாது. சட்டம் மெதுவாக, ஆனால் சரியான திசையில்தான் நகர்கிறது.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

பி.காம். படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கடன் கொடுக்கும்முன் பார்க்க வேண்டியவை என்று வாத்தியார் ஒரு பட்டியல் எழுதிப் போடுவார். முதலில் ஆளின் குணம், அடுத்து திருப்பிக் கட்டும் சக்தி, பிறகு மூலதனம், ஈடு, கால நிலவரம். குணம்தான் முதலில். நடைமுறையில் என்ன செய்கிறோம்? குணத்தை அளக்கத் தெரியாததால் ஈட்டைப் பார்க்கிறோம். ஈடு இல்லையா, ஜாமீன்தாரரைக் கொண்டு வா என்கிறோம். கோர்ட்டும் அதையே செய்கிறது, வீட்டுக்காரரும் அதையே செய்கிறார், வேலை கொடுப்பவரும் அதையே செய்கிறார். எல்லோரும் இன்னொருவர் கையெழுத்துப் போட்டால் நம்பத் தயார். முதல் கையெழுத்தை யார் போடுவது?

மகாராஷ்டிரத்தில் ஒரு வங்கி போட்டிருக்கிறது. 2022 மே 1-ம் தேதி, புனே எரவாடா சிறையில், மகாராஷ்டிர மாநிலக் கூட்டுறவு வங்கி 'ஜிவ்ஹாளா' என்று ஒரு கடன் திட்டம் தொடங்கியது. மராத்தியில் அந்த வார்த்தைக்கு உள்ளன்பு, பாசம் என்று பொருள். 3 வருஷத்துக்கு மேல் தண்டனை பெற்ற கைதிக்கு 50,000 ரூபாய் வரை கடன், வட்டி 7 சதவீதம். ஈடு கிடையாது, ஜாமீன்தாரர் கிடையாது. சிறையில் அவர் சம்பாதிக்கும் தினக்கூலியிலிருந்து தவணை போகும். வட்டியில் 1 சதவீதம் கைதிகள் நலநிதிக்கு. வெளியே இருக்கும் பிள்ளைகளின் படிப்பு, வைத்தியம், வக்கீல் பீஸ் ஆகியவற்றுக்கு அந்தப் பணம் போகும். குடும்பத்தில் சம்பாதித்தவரே உள்ளே இருக்கிறார் அல்லவா.

ஒரு வங்கிக்காரனாக இந்தத் திட்டத்தைப் பிரித்துப் பார்த்தால், இதில் தர்மம் ஒன்றும் இல்லை. கூலி இருக்கிறது, அதில் பிடித்தம் செய்ய வழி இருக்கிறது, ஆள் எங்கே இருக்கிறார் என்பது நிச்சயம். நியாயமான கடன். எரவாடாவில் நடந்ததைக் கவனித்தால், கடன் வாங்கியவரின் உழைப்பே ஈடாகிவிட்டது. உழைப்பைக் கூலியாக மாற்றிய சிறைதான் மறைமுகமாக ஜாமீன் போட்டிருக்கிறது. ஃப்ரீட்மன் ஔந்தில் ஆயுள் கைதிகளுக்குச் செய்ததும் அதுதான், மௌலாலிக் காலனி செய்ததும் அதுதான், நீதிபதி வாலஸ் செய்ததும் அதுதான்.

ஒரு கேள்வி பாக்கியிருக்கிறது. அதைத் தாண்டிப் போனால் நேர்மையாகாது. பாதிக்கப்பட்டவர் கதி என்ன? திருட்டுக் கொடுத்தவர், அடிபட்டவர், பிள்ளையை இழந்தவர். அவர்களுக்கு இரண்டாவது வாய்ப்பு யார் கொடுத்தார்கள் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். 1998-ல் உச்ச நீதிமன்றம் கைதிகளின் கூலி பற்றிய குஜராத் வழக்கில் இதற்கு ஒரு வழி சொன்னது. கடுங்காவல் கைதிக்கும் நியாயமான கூலி வேண்டும், அந்தக் கூலியிலிருந்து ஒரு பங்கு பாதிக்கப்பட்டவருக்குப் போக ஏற்பாடு செய்யுங்கள் என்றது. இது எனக்கு ரொம்பப் பிடித்த தீர்ப்பு. சும்மா அடைத்து வைத்த மனிதனால் யாருக்கும் எதையும் திருப்பிக் கட்ட முடியாது. வேலை செய்பவனால்தான் முடியும். இரண்டாவது வாய்ப்பு என்றால் செய்ததை மறப்பது என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை, திருப்பிக் கட்ட வழிவிடுவது என்றே எடுத்துக்கொள்கிறேன். எல்லோரும் கட்டிவிடுவார்களா? மாட்டார்கள். வாராக்கடன் இல்லாத வங்கி உலகத்தில் கிடையாது. அதற்காக யாரும் கடன் கொடுப்பதை நிறுத்திவிடவில்லை.

சட்டத்தை மாற்றுவது நம் கையில் இல்லை. மத்திய உள்துறை 2023-ல் மாதிரிச் சிறைச் சட்டம் ஒன்றை எழுதி மாநிலங்களுக்கு அனுப்பியிருக்கிறது. 1894-ம் வருஷத்துச் சிறைச் சட்டத்துக்கு மாற்றாக அதை ஏற்பது அந்தந்த மாநிலத்தின் வேலை. காலாவதியாகும் தண்டனை பற்றிய சட்டம் எப்போது வருமோ தெரியாது. நம் கையில் இருப்பது சின்ன விஷயங்கள். அபார்ட்மென்ட் வாட்ச்மேன் வேலைக்கு வருபவர் மேல் பத்து வருஷம் முந்தைய வழக்கு இருப்பது தெரியவந்தால், அதன் பிறகு அவர் எப்படி இருந்தார் என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கலாம். சிறை வாசல் பங்க்கில் பெட்ரோல் போடலாம். தமிழ்ச் சங்கங்களில் தீபாவளி மலர் போடுவதோடு, ஊர்ப் பையன் ஒருத்தன் இந்த ஊர் கோர்ட்டில் பிணைக்கு ஆளில்லாமல் நின்றால் இலவச சட்ட உதவி மையம் எங்கே இருக்கிறது என்று சொல்லவாவது ஒருவரை நியமிக்கலாம்.

வ.உ.சி. தன் பிள்ளையை வாலேஸ்வரா என்று கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் யாரை நினைத்துக்கொண்டிருப்பார்? நம் பெயரை யாரும் தங்கள் பிள்ளைக்கு வைக்க வேண்டாம். அப்படி வைக்கும்படி ஒரு தடவையாவது, ஒருத்தருக்காவது நடந்துகொண்டோமா என்று அவரவர் மனசில் கேட்டுக்கொள்ளலாம். உங்கள் ஊரில், நீங்கள் பார்த்து, தண்டனை முடிந்து வந்து நல்லபடி வாழ்கிற யாராவது இருந்தால் எழுதுங்கள். பெயர் வேண்டாம், கதை போதும்.